பெட்டி வாசிக்கிற நேரம்

கருக்குவிளை ஜெபவீட்டிலிருந்து ஆர்மோனியப் பெட்டியை வெளியே எடுத்தபோது பெட்டி மட்டும்தான் வெளியே போயிற்று. அது வாசிக்கிற நேரம் உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனையின் முதல் சரணத்தைப் பாடி முடித்த சபையார், இத்தனை வருஷமாய் எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பெட்டிக்குக் காதைக் கொடுத்தார்களோ, அதே இடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் இரண்டாம் சரணத்தைத் தொடவில்லை. பெட்டி வாசிக்கிற லேயாள் தலையசைக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அந்தச் சபையில் அதுதான் வழக்கம். முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பவர் மூப்பர் எலியேசர். முதல் சரணம் முடிந்ததும் பெட்டி வாசிப்பவள் அவர் மனைவி லேயாள். வாசித்து முடித்ததும் அவள் தலையை லேசாக அசைப்பாள், சபை இரண்டாம் சரணத்தில் சேர்ந்துகொள்ளும். அவள் தலையசைக்குமுன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய்திறந்த பொன்னையாவை அவன் சாகும்வரை அவசரப் பொன்னையா என்றே கூப்பிட்டார்கள். ஆகவே பெட்டி இல்லாத அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த லேயாளைப் பார்த்தார்கள். அவளுடைய இடதுகை மடியில் சும்மா கிடந்தது. வலதுகை விரல்கள் முழங்கால் சேலைமேல் கட்டைகளைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தன. விரல்கள் நின்றன. தலை அசைந்தது. சபை பாடிற்று. பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று எலியேசர் நினைத்துக்கொண்டார்.

பெட்டியை வெளியே எடுக்க வைத்தவர் பங்குனி மாசத்துக் கூட்டங்களுக்கு வந்திருந்த ஒரு பிரசங்கியார், வெயிலோ நிழலோ குடையை மடக்காத நெட்டையான மனுஷர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய ஏற்பாட்டில் தேவாலயம் இருந்த காலத்தில் ஆட்டை அறுத்தார்கள், தூபம் காட்டினார்கள், தம்புருவும் கைத்தாளமும் வாசித்தார்கள். ஆட்டையும் தூபத்தையும் விட்ட பிறகு தம்புருவை மட்டும் எதற்குத் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள் என்று அவர் கேட்டார். அப்போஸ்தலர்கள் சிறைச்சாலையில் பாடியபோது யார் பெட்டி வாசித்தது என்று கேட்டார்.

லேயாளின் அண்ணன் மாசிலாமணி, பலசரக்குக் கடைக்காரர், வாய்த் துடுக்குள்ளவர், கூட்டப் பந்தலிலேயே எழுந்து நின்றார். “பரலோகத்துல சுரமண்டலம் உண்டுன்னு வேதத்துல இருக்கே ஐயா, அது என்ன கணக்கு?”

“அங்க போய் வாசியும் வே. யாரு வேண்டாம்னா?” என்றார் பிரசங்கியார். பந்தல் சிரித்தது. மாசிலாமணி உட்கார்ந்தார்.

எலியேசர் தையல்காரர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர், ஆனால் மிஷினை மிதித்துக்கொண்டே வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை பலதடவை வாய்க்குள் ஓட்டியவர். பிரசங்கியார் சொன்னது அவர் மனசில் தைத்தது. எந்தத் தச்சனும் செய்யாத குரல்வளையைக் கடவுள் கொடுத்திருக்கும்போது மரமும் பித்தளையும் எதற்கு என்று அவருக்கும் தோன்றிற்று. பெட்டி வாசிக்கிற நேரத்தில் சபை கண்மூடி ஜெபிக்காமல் லேயாளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பல வருஷமாய்க் கவனித்திருந்தார். அந்த நேரத்தில் தன்னை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதை அவர் வேதத்தோடு சேர்த்து வைத்து எண்ணிப் பார்த்ததில்லை.

லேயாள் சண்டை போடவில்லை. பழைய துணியால் பெட்டியைத் துடைத்தாள், கட்டைகளுக்கு நடுவே படிந்திருந்த தேரிக்காட்டுச் செம்மணலை ஊதினாள், மேலே ஒரு போர்வையைப் போட்டாள். “அந்தப் பக்கம் பிடிங்க. கனமா இருக்கும், பாத்து,” என்றாள். இருவரும் தூக்கிக்கொண்டு போய் ஜெபவீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஏணிக்கும் பந்தல் கம்புகளுக்கும் நடுவில் வைத்தார்கள். எலியேசர் பூட்டினார்.

அதற்கப்புறம் பெட்டி வாசிக்கிற நேரம் வளரத் தொடங்கிற்று. முதலில் ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற அளவு வளர்ந்தது, பிறகு அந்தத் தண்ணீரில் அரிசி வெந்து கஞ்சியாகிற அளவு வளர்ந்தது, பிறகு காலையில் முதல் சரணம் பாடியவர்கள் இரண்டாம் சரணம் பாடி வெளியே வந்தபோது பனைகளின் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. லேயாளின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன, அவள் தலையை அசைக்கவில்லை, அவள் அசைக்காமல் எப்படிப் பாடுவது என்று மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னட்டி இது?” என்று எலியேசர் வீட்டில் வைத்துக் கேட்டார். “என்மேல கோவம்னா என்கிட்ட காட்டு. சபையை எதுக்கு உக்காத்தி வைக்க?”

“எனக்கு என்ன கோவம்?” அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “முடிஞ்சாத்தானே தலையாட்ட முடியும். பெட்டியில வாசிக்கும்போது துருத்தி அடிச்சு அடிச்சு இடதுகை வலிக்கும். வலிச்சா, சரி, போதும்னு முடிச்சுருவேன். இப்ப இந்தக் கை சும்மா கிடக்கு. எப்ப முடிக்கணும்னு எனக்கு யாரு சொல்லுவா?”

“நீயா முடிச்சுக்கோ.”

“பாதியில விடச் சொல்லுதியளா? நல்லாருக்கே.” அவள் கீரைத்தண்டை ஒடித்தாள். “நீங்க தைக்கும்போது ஒரு கையை விட்டுட்டுச் சட்டையைக் கொடுப்பியளா?”

பெட்டியின் சத்தம் கேட்காத பாட்டுக்கு முடிவு இல்லை என்பது அவர் எந்த அதிகாரத்திலும் படிக்காத விஷயமாக இருந்தது.

நேரம் ஒரு பகலைத் தாண்டி, ஒரு வாரத்தைத் தாண்டி, ஒரு பருவத்தைத் தொட்டபோது ஊர் அதற்குப் பழகியிருந்தது. அந்த நேரத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பசி எடுக்கவில்லை, தாகம் எடுக்கவில்லை, நகம் வளரவில்லை. கைக்குழந்தைகள் மார்பில் வாய்வைத்தபடியே அழாமல் கிடந்தன. சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் போன பக்கத்திலேயே நின்றது. மூட்டுவலிக்காரர்களுக்கு வலி நின்றது, வீட்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத மாமியாரும் மருமகளும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி வாசிக்கும்போது பேசுவது மரியாதையில்லை என்பதால் யாரும் பேசவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சில கலியாணங்கள் முடிவாயின, சில பழைய வழக்குகள் கண்ணாலேயே தீர்ந்தன. வெளியே மட்டும் காற்றுக்காலம் வந்து போயிற்று, பதனீர் இறங்கிற்று, முருங்கை பூத்துக் காய்த்து முற்றிற்று.

எதிரே டீக்கடை வைத்திருந்த இசக்கியப்பன் அம்மன் கோயிலுக்குப் போகிறவன். அவன்தான் சபையார் உள்ளே இருக்கும்போது அவர்கள் ஆடுகளை அவிழ்த்துக் கட்டினான், கோழிகளை அடைத்தான், மழை வந்தால் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வைத்தான். வெளியூரிலிருந்து யாராவது ஒருவரைத் தேடிக்கொண்டு வந்தால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டாம் சரணம் வரல. டீ குடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டு அடுத்த மாசம் வாருங்க,” என்பான். பஸ் கண்டக்டர் கருக்குவிளை நிறுத்தத்தில் இறங்க ஆள் இருந்தால் மட்டும் விசில் கொடுத்தார். சபையாரும் தங்கள் பங்குக்கு ஒழுங்குகள் செய்துகொண்டார்கள். ஒரு ஆராதனைக்கு ஒரு பாட்டுத்தான் என்றும், அதுவும் இரண்டே சரணம் உள்ள பாட்டாக இருக்க வேண்டும் என்றும் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். ஒரு ஆராதனை முடிந்தால் ஆறு மாசம் வீட்டு வேலை, வயல் வேலை, நல்லது கெட்டது எல்லாம் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டார்கள்.

இளைப்புக்காரரான யாக்கோபு நாடாரை அவர் மருமகள் கட்டிலோடு கொண்டுவந்து போட்டது ஒரு கோடையில். அன்று பொழுது சாயுமுன் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் சரணம் முடிந்ததும் அவர் நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த விசில் நின்றது, மூச்சு சமமாயிற்று, கண் தெளிந்தது. கப்பலில் வேலை பார்த்த மகன் தந்தி கிடைத்து, துறைமுகம் துறைமுகமாய் மாறி, ஊர் வந்து சேர்ந்து அப்பாவின் கால்மாட்டில் உட்காருகிற வரைக்கும் அவர் அப்படியே இருந்தார். மகன் முகத்தை அவர் ஆசைதீரப் பார்த்தார். லேயாள் தலையசைத்து இரண்டாம் சரணம் தொடங்கிய பிறகுதான் அவர் உயிர் பிரிந்தது. அந்த நேரத்துக்குள் சாவு வராது என்பதை அன்று கருக்குவிளை கண்டுகொண்டது.

அதற்கப்புறம் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டி போனபோது கண்ணைத் துடைத்துக்கொண்ட பெண்கள், நல்லவேளை போயிற்று என்றார்கள். மாசிலாமணிகூட மாறிவிட்டார். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் தீராத வலி.

“மாப்பிள்ளை, அந்தப் பிரசங்கியார் சொன்னது சத்தியம்தான்,” என்றார் ஒருநாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு.

“பல்லு சொல்லுதா, நீங்க சொல்லுதியளா மச்சான்?” என்றார் எலியேசர்.

“ரெண்டு பேரும்தான்.”

அந்தப் பிரசங்கியாரும் ஒருதடவை திரும்ப வந்தார். தாம் விதைத்தது எப்படி முளைத்திருக்கிறது என்று பார்க்க, குடையோடு முன்பாயில் உட்கார்ந்தார். இரண்டாம் சரணம் முடிந்து அவர் வெளியே வந்தபோது அடுத்தடுத்த ஊர்களில் அவருக்காகப் போட்ட பந்தல்களையெல்லாம் போட்டுப் பிரித்தாயிற்று. குடையை மறந்து வைத்துவிட்டு, வெயிலிலேயே பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார்.

லேயாளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது அதற்கு அடுத்த வருஷம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், இன்னொரு படம் எடுத்தார்கள், பிறகு எலியேசரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, வீட்டில் வைத்துப் பிரியப்பட்டதைச் சமைத்துக் கொடுங்கள் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டது வேறு.

“பெட்டியை ஒருதடவை எடுத்துத் தருவியளா?”

“எதுக்கு?”

“சத்தத்தோட ஒருதடவை வாசிக்கணும். அவ்வளவுதான். சபையில வச்சு. வீட்டுல வேண்டாம், வீட்டுல வாசிச்சா அது சும்மா வாசிக்கிறது.”

எலியேசர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பெட்டி வந்தால் துருத்தி வரும், துருத்தி வந்தால் இடதுகை வலிக்கும், வலித்தால் அவள் முடிப்பாள், முடித்தால் அந்த நேரம் முடிந்துபோகும். யாக்கோபு நாடாருக்கு அந்த நேரத்துக்குள் வராத சாவு வெளியே பஸ் நிறுத்தத்தில் அவர்களுக்கு முன்னாலேயே இறங்கி நிற்பதுபோல அவருக்குத் தோன்றிற்று.

“வேதத்துல இல்லாததை எப்படிட்டி செய்ய?” என்றார்.

அவள் வெளியே பார்த்தாள். “சரிதான்,” என்றாள்.

அவர் அந்த வாரமே அடுத்த ஆராதனையை வைத்தார். ஆறு மாசம் ஆகவில்லையே, விதைப்பு கிடக்கிறதே என்று முணுமுணுத்தவர்களிடம், மூப்பர் சொன்னால் மூப்பர் சொன்னதுதான் என்று மாசிலாமணி சத்தம் போட்டார். தங்கைக்காகவா பல்லுக்காகவா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதிலிருந்து எலியேசர் ஆராதனைக்கு ஆராதனை இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். இரண்டாம் சரணம் பாடிக் கஞ்சி குடித்துத் தூங்கி எழுந்தால் மறுபடியும் முதல் சரணம். வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் உருகினாள், சேலை இடுப்பில் நிற்காமல் நழுவிற்று. ஜெபவீட்டுக்குள் முதல் சரணம் முடிந்ததும் உருகுவது நின்றது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நேரம் முடியக்கூடாது, ஆண்டவரே, அவள் தலை அசையக்கூடாது என்று ஜெபித்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் முழுவதும் அவர் கண்ணைத் திறந்ததில்லை. பார்த்தால் முடிந்துவிடுமோ என்று பயம்.

அவள் இன்னும் சில தடவை கேட்டாள். ஒருதடவை வேடிக்கையாய்: “மூப்பரய்யா, ஒரு விசுவாசி விண்ணப்பம் போடுதா, கேக்கக்கூடாதா?” ஒருதடவை அவர் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, மெதுவாய். ஒருதடவை மாசிலாமணியிடம் சொல்லிவிட்டாள், அவர் வந்து, “அவ கேக்கான்னு சொல்லிட்டேன் மாப்பிள்ளை, அதுக்குமேல எனக்குத் தெரியாது,” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். ஒவ்வொரு தடவையும் எலியேசர் வேதத்தைச் சொன்னார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அவள் சாகப் போகிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைவிட வேதத்தைச் சொல்வது சுலபமாய் இருந்தது. வேதம் பெரியது, அதற்குப் பின்னால் ஒரு ஆள் நின்றால் வெளியே தெரியாது.

கடைசியாய் வைத்த ஆராதனையில் முதல் சரணம் பாடியபோது தேரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எலியேசர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. அங்கே அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரு சத்தம் கேட்டது. அந்த நேரத்துக்குள் எந்தச் சத்தமும் கேட்காது, காக்கை கரைவதுகூட ஜன்னலோடு நின்றுவிடும். அப்படியிருக்க யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது, மேட்டில் தண்ணீர்க்குடத்தோடு ஏறி வருகிறவர்கள் வாங்குகிற மூச்சு.

அவர் கண்ணைத் திறந்தார்.

சபை முழுவதும் நன்றாய்த் தூங்கி எழுந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது. மாசிலாமணியின் கன்னம் வீக்கமில்லாமல் இருந்தது. கிழவிகள் கால் நீட்டிச் சுகமாய்ச் சாய்ந்திருந்தார்கள், பிள்ளைகள் மடிகளில் கிடந்தன. அத்தனை பேருக்கும் நடுவில் ஒருத்தி மட்டும் வியர்த்திருந்தாள். லேயாளின் கீழுதட்டில் பல் பதிந்திருந்தது. வலதுகை விரல்கள் கணுக்கணுவாய் வீங்கி, இஞ்சிக்கிழங்குபோல் ஆகியிருந்தன. அவற்றைத் தூக்கித் தூக்கி அவள் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தாள், ஒரு ஸ்வரத்தையும் விடாமல். மற்ற எல்லோருக்கும் ஓய்வாய் இருந்த நேரம் அவளுக்கு மட்டும் வேலையாய் இருந்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் அவள் கைமேல் உட்கார்ந்திருந்தார்கள். உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நினைத்து அவர் அவளை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

எலியேசர் எழுந்தார். அந்த நேரத்தில் அதற்குமுன் யாரும் எழுந்ததில்லை. சபை முழுவதும் அவரைப் பார்த்தது. மாசிலாமணிக்குப் புரிந்துவிட்டது, அவர் கன்னத்தில் கையை வைத்து, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். எலியேசர் பக்கவாசல் வழியே வெளியே இறங்கினார்.

வெளியே மழைக்காலம். அத்தனை மாசத்துப் பசியும் முழங்கால் வலியும் ஒரேயடியாய் அவர்மேல் விழ, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனார். பூட்டு துருப்பிடித்திருந்தது, கல்லால் அடித்தார். போர்வையை விலக்கிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளேயிருந்து எலிகள் ஓடின. துருத்தியின் மடிப்புகளைக் கடித்து, குதறி, அதிலேயே குட்டி போட்டிருந்தன. கட்டைகள் ஊறி மேலும் கீழுமாய் நின்றன.

அவர் தையல்காரர். ஒரு முழம் கெட்டித்துணி, கொஞ்சம் பசை, ஒரு மத்தியானப் பொழுது. அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. எத்தனையோ மத்தியானங்களில் அவர் மிஷினுக்குமுன் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இப்போது வீட்டுக்குப் போய் ஊசியும் துணியும் எடுத்து வந்து தைக்கலாம்; அதுவரைக்கும் அவள் அந்த விரல்களைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவர் பெட்டியை அப்படியே தூக்கினார். தூக்க முடியவில்லை.

டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இசக்கியப்பன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். பெட்டியைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். “நீங்க அந்தப் பக்கம் பிடிங்க அண்ணாச்சி,” என்றான். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலைச் சாக்கை எடுத்துப் படியில் வைத்துவிட்டு, அதுவரை ஜன்னலைத் தாண்டி வராதவன் உள்ளே வந்தான். இருவரும் பெட்டியை லேயாளின் முன்னால் இறக்கினார்கள்.

அவள் முழங்காலிலிருந்து விரல்களைக் கட்டைகளுக்கு மாற்றினாள். இடைவெளியே தெரியவில்லை, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு வாய்க்காலிலிருந்து இன்னொரு வாய்க்காலுக்குத் திரும்பியதுபோல் இருந்தது. இடதுகையைத் துருத்தியில் வைத்து ஒருதரம் அடித்தாள். பெட்டி இருமிற்று. மறுபடி அடித்தாள். கிழிசல்களின் வழியே காற்று அவள் சேலைத் தலைப்பை அசைத்துக்கொண்டு போயிற்று, மிச்சக் காற்றில் பாட்டின் ஒரு அடி கேட்டது. ஒரு அடிகூட இல்லை, முக்கால் அடி. காய்ச்சல்காரப் பிள்ளை உறக்கத்தில் முனகுவதுபோல, இரண்டு கட்டைகள் ஒட்டிக்கொண்டு பிசிறடிக்க, அவள் நினைத்திருந்த எதற்கும் பக்கத்தில் வராத ஒரு சத்தம். லேயாள் தலைசாய்த்து அதைக் கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. இடதுகையை எடுத்து உதறிக்கொண்டாள், வலிக்கிறது என்று காட்டுகிறவள்போல. பிறகு தலையை அசைத்தாள்.

சபை இரண்டாம் சரணத்தைப் பாடிற்று. பிள்ளைகள் வீறிட்டன, கடிகாரம் அடித்தது, ஓட்டின்மேல் மழை இரைந்தது, மாசிலாமணி பாடிக்கொண்டே கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

வீட்டில் அவளைக் கட்டிலில் கிடத்தினார்கள். மறுநாள் காலையில் எலியேசர் பெட்டியின் துருத்தியைக் கழற்றி மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தார். நாள் முழுவதும் தைத்தார். லேயாள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

“அது எதுக்கு இனிமே?” என்றாள்.

“காஞ்சதும் வாசிக்கலாம்லா.”

“வேதத்துல இல்லைன்னியளே.”

அவர் ஊசியைக் கீழே வைத்தார். மிஷினைவிட்டு எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முதன்முறையாக உள்ளதைச் சொன்னார்: ஆஸ்பத்திரியில் சொன்னதை, பஸ்ஸில் அவள் கேட்டபோது தான் போட்ட கணக்கை, யாக்கோபு நாடாரை நினைத்துக்கொண்டதை, பெட்டி வந்தால் அவள் முடித்துவிடுவாள் என்று பயந்ததை. முதலில் வெளியே எடுத்தபோது வேதத்துக்காகத்தான் எடுத்தேன், அதிலும் முழுக்க வேதம் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அதில் வேதமே இல்லை, நீ மட்டும்தான் இருந்தாய் என்றார். சொல்லி முடித்துவிட்டு, இதற்கு அவள் தன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார்.

லேயாள் கூரையைப் பார்த்தாள்.

“ஆண்டவருக்காகப் பூட்டி வச்சிருக்கியள்னு நெனச்சுத்தான் பொறுத்துக்கிட்டேன்,” என்றாள். குரலில் கோபம் இல்லை, கணக்குத் தப்பிப்போன ஆச்சரியம்தான் இருந்தது. “எனக்காகன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே பஸ்ஸைவிட்டு இறங்குனதும் நானே பூட்டை உடைச்சு எடுத்திருப்பேனே.”

துருத்தியில் பூசிய பசை மழை ஈரத்தில் காய மறுத்தது. அது காயுமுன் அவள் போய்விட்டாள்.

சபை இரண்டாய்ப் பிரிந்தது. மூப்பர் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து சத்தியத்தை விட்டுவிட்டார் என்று ஒரு கூட்டம் ஓலைக்கொட்டகை போட்டுத் தனியாய்ப் போயிற்று. அங்கே அவர்கள் முதல் சரணம் முடிந்ததும் காத்துப் பார்த்தார்கள். தலையசைக்க யாரும் இல்லாததால் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு இரண்டாம் சரணத்தைப் பாடினார்கள். மிஞ்சியவர்கள் எலியேசரை மன்னிக்கவில்லை. அவர்களுக்கு வேதத்தைப் பற்றி வருத்தம் இல்லை, மூட்டுகளைப் பற்றித்தான். இத்தனை வருஷம் வெளியே வைத்ததை ஏன் திரும்பக் கொண்டுவந்தீர் என்று இரு பக்கத்தாரும் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை ஒருத்தியிடம் சொல்லியாயிற்று, அது அங்கே எடுபடவில்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அடக்கத்தன்று எல்லோரும் வந்திருந்தார்கள். தேரிச் செம்மணலில் வெட்டிய குழி, மழை விட்டிருந்தது, இசக்கியப்பன் கடையைச் சாத்திவிட்டு வேலியோரம் நின்றான். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். எலியேசர் பாட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் சரணம் முடிந்தது. சபை தலையசைப்புக்காக ஒரு கணம் திரும்பிற்று, திரும்புவதற்கு ஆள் இல்லை, இரண்டாம் சரணத்துக்குள் போயிற்று. நடுவில் ஒன்றும் இல்லை. நின்று மூச்சு வாங்க, குழியைப் பார்க்க, ஒருவர் தோளை ஒருவர் தொட இடம் இல்லை. பாட்டு எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. குழி பாதிகூட மூடவில்லை, அதற்குள் முடிந்துபோயிற்று. பிறகு எல்லோரும் வெறுமனே நின்றார்கள், மண்வெட்டிகள் மட்டும் மண்ணை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தன.